அப்பா வீட்டில் இருந்தார்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, தொடக்கப் பள்ளி இருந்த இடத்தில் ஒரு பல்லி படுத்திருந்தது. மூன்று வகுப்பறை நீளம், கூரை உயரம், வெளிறிய மண் நிறம். உள்ளே இருந்த நூற்றுப் பதினான்கு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள், அவ்வளவுதான். வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் மட்டும் உள்ளே போக வழி தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காரணம் மூன்றாம் வகுப்பில் இருந்தது. வீட்டில் மிளகு என்று கூப்பிடப்படும் எட்டு வயதுச் சிறுமி, 'நான் தினமும் பள்ளிக்குப் போகிறேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பல்லிக்குப் போகிறேன்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "இதை மட்டும் நல்லாப் பாரு" என்றார். மிளகு பார்த்தாள், அழித்தாள், சரியாக எழுதினாள். பதினொன்று நாற்பதுக்குப் பல்லி மறுபடியும் கட்டிடமானது. மதிய மணி வழக்கம்போல் அடித்தது.

மிளகு சரியாக எழுதியது எதுவும் நடந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'என்னிடம் ஒரு யானை இருக்கிறது' என்று பிழையில்லாமல் பத்து தடவை எழுதிப் பார்த்தாள், பாவம், ஒரு யானைக்குட்டிகூட வரவில்லை. பிழைகள் மட்டும்தான் நடந்தன. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா வீட்டிலேயே மெஷின் வைத்துச் சட்டைக் காலர் தைப்பவள். இரண்டு பேருக்கும் மகள் படிப்பில் உயிர், ஆனால் பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. 'நேற்று மலை பெய்தது' என்று அவள் எழுதியபோது, எலுமிச்சம்பழ அளவில் மலைகள் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் மட்டும் பொழிந்தன. அப்பா பதறிப்போய் நோட்டைப் பிடுங்கி, தன் கையாலேயே மலையை அழித்து மழை என்று எழுதினார். மலைகள் போகவில்லை. 'அப்பா தழை சீவினார்' என்று எழுதியபோது அவர் தலையில் முடிக்குப் பதிலாகப் பச்சைத் தழை முளைத்தது. அதை அம்மா திருத்தினாள். தழையும் நிரந்தரமாகிவிட்டது, வாரம் ஒரு முறை கத்தரிக்க வேண்டும். மகள் கையால் திருத்தாத பிழை மாறவே மாறாது என்பது அந்த இரண்டு மண்டைக்கும் அப்போதுகூட ஏறவில்லை.

அம்மாவுக்குப் பயம் பிடித்தது ஒரு புதன்கிழமை மதியம், ஊசியில் நூல் கோக்கும்போது. மூன்றாம் வகுப்பில் அடுத்த பாடம் இறந்த காலம். வந்தான், போனான், இருந்தான். மகளுக்கு ர எது, ற எது என்று இன்னும் பிடிபடவில்லை. அதுபோக, அவசரத்தில் ருவுக்குக் கீழே வரும் கொக்கியை விட்டுவிடும் பழக்கமும் உண்டு. இந்த இரண்டு பிழையும் ஒரே சொல்லில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அம்மா மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். 'அப்பா வீட்டில் இருந்தார்.' ஒரு எழுத்து தப்பினால் போதும். அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஒரு துணித்துண்டில் சாக்கட்டியால் இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததற்குப் பெயர் படிப்பு அல்ல, காவல். பென்சில்கள் அம்மா தையல் நூல் வைக்கும் பாபின் டப்பாவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. வீட்டுப்பாடத்தை அப்பா இடது கையால் எழுதினார், குழந்தை எழுதியதுபோல் இருக்கட்டும் என்று. டீச்சர் நேரில் பார்த்து எழுதச் சொன்ன நாட்களில் மிளகுக்குக் காய்ச்சல் என்று சீட்டுப் போயிற்று. வீட்டில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அம்மா அவள் விரல்களைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்து எழுத்தெழுத்தாக இழுத்தாள். விரல் சிவந்துவிடும். மூன்று வாரத்தில் மிளகு பென்சிலைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு கதைப் புத்தகத்தைத் தொடுவதை நிறுத்தினாள். கடைப் பலகைகளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே நடக்கும் பிள்ளை, இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள் பல் துலக்கும்போது வாயில் நுரையோடு கேட்டாள்: "அப்பா, நான் எழுதினா உங்களுக்கு ஏதாவது ஆயிடுமா?" அப்பா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் இருவரையும் வரச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து, "இது நல்ல கையெழுத்து. ஆனா இந்தக் கைக்கு நாப்பது வயசு இருக்கும்" என்றார். அப்பா தலையைக் குனிந்ததில் இரண்டு இலை பெஞ்சில் உதிர்ந்தது. அம்மா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பல்லிக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தவர் என்பதால் டீச்சருக்கு எதையும் நம்ப வைக்க வேண்டியிருக்கவில்லை.

"பல்லி ஏன் போச்சு, உங்க வீட்டு மலை ஏன் போகலை, யோசிச்சீங்களா? நான் வட்டம் மட்டும்தாங்க போட்டேன். திருத்தினது அவ. நீங்க திருத்திட்டா அந்தப் பிழை அப்படியே நின்னுடும்."

"அதுக்குள்ள இவருக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று அம்மா கேட்டாள்.

டீச்சர் நோட்டை மூடி வைத்தார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ எழுதாமலே வளர முடியாதே. பென்சிலைப் பிடுங்காதீங்க. பக்கத்துல உட்காருங்க. எழுதி முடிச்சதும், விரல் வச்சுப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவளாத் தேடட்டும். உங்க முகத்துல பயம் தெரிஞ்சா அவளுக்கு எழுத்து கண்ணுல படாது. தினமும் பத்து நிமிஷம், அது போதும்."

சொல்வது சுலபம். தினமும் மாலை ஐந்தரைக்கு அப்பா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார், இல்லாவிட்டால் அவை தானாகப் பென்சிலுக்குப் போகும். அவர் வாயில் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தது. அவர் வாசிக்கக் கேட்டுத்தான் மகள் அத்தனை நாளும் எழுதியிருக்கிறாள் என்று புரிந்தபோது வெட்கமாகப் போயிற்று. லிஃப்ட் குழிக்குள் கம்பிக்கு மசகு போட்டுக்கொண்டே மழை, மழை என்று சொல்லிப் பழகினார். பத்து மாடிக்கும் கேட்டது. யாரும் குடை எடுக்கவில்லை.

மிளகு மெல்ல மெல்ல எழுத ஆரம்பித்தாள். கிளியைக் கிழி என்று எழுதி ஜன்னல் திரை கிழிந்தது, தானே திருத்தித் திரை ஒட்டிக்கொண்டது. அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. அவள் பயந்தது ஒரே சொல்லுக்கு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தது. 'நேற்று எங்கள் வீட்டில்' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம். அம்மா மெஷின் முன்னால் இருந்தாள், மிதிக்கவில்லை. நான்கு வாக்கியம் சரியாக வந்தது. ஐந்தாவதை மிளகு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினாள்: 'அப்பா வீட்டில் இறந்தார்.' முற்றுப்புள்ளி வைத்தாள். நாலு பத்துக்கு அப்பா இறந்தார்.

சத்தம் ஏதும் இல்லை. சுவரில் சாய்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்திருந்தார். தலையில் இருந்த தழை மட்டும் வாடித் தொங்கியது. அம்மா ஓடிப்போய்ப் பென்சிலைப் பிடுங்கத்தான் எழுந்தாள். பிடுங்கி எழுதினால் அவர் அப்படியே நின்றுவிடுவார், மாடியில் கிடக்கும் மலைகளைப் போல, கடைசிவரை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா தூங்கிட்டாரா?"

"நீ எழுதினதைப் படி கண்ணு."

மிளகு படித்தாள். மனதில் இருந்ததைத்தான் படித்தாள்: "அப்பா வீட்டில் இருந்தார்." எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கும். அம்மாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சுவரைப் பார்க்காமல், கூடுமானவரை சாதாரணக் குரலில், "விரல் வச்சு, ஒவ்வொரு எழுத்தா" என்றாள். தன் வாழ்நாளில் தூக்கிய எந்தச் சுமையும் அந்த நான்கு சொல் அளவுக்குக் கனக்கவில்லை என்று பின்னாளில் டீச்சரிடம் சொன்னாள்.

விரல் இ மேல் நின்றது. பிறகு ற மேல் நின்றது. அங்கேயே நின்றது. "இது ரு இல்லையே," என்றாள் மிளகு. ரப்பரைத் தேடினாள். பாய்க்கு அடியில் கிடந்தது. நிதானமாக அழித்தாள், தூளை ஊதினாள், தாள் கிழிந்துவிட்டதா என்று தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மா உதட்டைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. மிளகு ர எழுதி, கொக்கியை வளைத்து முடித்தாள். அப்பா இருமினார். "என்ன, முடிச்சிட்டியா?" என்று கேட்டார். நாலு பதினான்கு. அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

ஒரு தடவை வந்த பிழை இன்னொரு தடவையும் வரத்தான் செய்யும். நான்காம் வகுப்பில் அப்பா இரண்டு தடவை இறந்தார். ஒரு தடவை ஏணியில் நின்றபடி. இடுப்புப் பட்டை தாங்கியதால் பிழைத்தார். அதிலிருந்து தமிழ்ப் பரீட்சை நாட்களில் அவர் வேலைக்குப் போவதில்லை. "என்னங்க, காய்ச்சலா?" என்று சூப்பர்வைசர் முதல் தடவை கேட்டார். காரணத்தைச் சொன்னதும் விடுப்புப் பதிவேட்டில் 'மகளுக்குப் பரீட்சை' என்று எழுதிக்கொண்டார். மகளிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. பயம் போயிற்றா என்றால், போகவில்லை.

ஐந்தாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வன்று அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாற்பதுக்கு மூச்சு நின்றது. தேர்வறையில் வட்டம் போட்டுக் காட்ட ஆள் கிடையாது, பேசவும் கூடாது. கை சில்லிட்டுக்கொண்டே போயிற்று. அம்மா விடவில்லை. பதினொரு நிமிடம் கழித்து அப்பா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

"தானாவே கண்டுபிடிச்சிட்டா," என்றார்.