மியூட் பட்டனின் கறுப்புப் பொட்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில், பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்த யேசுதாசனுக்கு டிவி ரிமோட்டில் வால்யூமைக் கூட்டும் பட்டனை அழுத்தியதும் குரல் திரும்பியது. அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. அவருடைய மனைவி ரத்தினபாய் சும்மா உட்காரத் தெரியாதவர். ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இடுக்கெல்லாம் துடைத்து, பட்டன் அழுந்துகிறதா என்று பார்த்தார். ரிமோட்டின் முகம் கணவர் பக்கம் இருந்தது. "இன்னா ரத்னா, ரெண்டு வருசமா காபில சக்கரையே காணோம்" என்றார் யேசுதாசன். தாம்பரம் வேளச்சேரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரின் குரல் அது. மாடி வீட்டு ஜெயவேலு சத்தம் கேட்டு இறங்கி வந்து, கரண்ட் வந்துவிட்டதா என்று விசாரித்தார். ரத்தினபாய் அழுதார், பிறகு எழுந்து போய் சர்க்கரை டப்பாவை எடுத்தார்.

குரல் ஒரு நாளைக்குத்தான் தாங்கியது; தினமும் காலையில் அழுத்த வேண்டும். வால்யூமைக் குறைக்கும் பட்டன் அவரிடம் பலிக்கவில்லை, மியூட் பலித்தது. இரண்டு வருடத்துக் குறைகளை அவர் வட்டியும் முதலுமாகச் சொல்லத் தொடங்கியபோது ரத்தினபாயைக் காப்பாற்றியது அந்த மியூட்தான். ஜெயவேலு தன் மனைவிக்காக ரிமோட்டை இரவல் வாங்கிப் போனார். அது வேலை செய்யவில்லை, அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்ததுதான் மிச்சம். மகள் ஜோவிதாவின் கல்யாணத்தன்று, சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அவளுடைய அப்பா வாய்விட்டு ஜெபிக்க வேண்டும் என்பதில் ரத்தினபாய் உறுதியாக இருந்தார். அதனால் சனிக்கிழமைதோறும் ரிமோட்டைப் பிரித்து, பேட்டரி ஸ்பிரிங்கில் பூத்த பச்சையைச் சுரண்டி, பட்டன்கள் இருக்கும் ரப்பர் ஷீட்டை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஃபேனுக்கடியில் உலர்த்தினார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ரப்பருக்கும் பொருந்தும். தேய்த்துத் தேய்த்தே வால்யூம் பட்டனுக்கு அடியில், அழுத்தினால் மின்சாரம் கடத்தும் கறுப்புப் பொட்டு கரைந்து, கல்யாணத்தன்று காலையில் இல்லாமலே போனது. வெள்ளைப் புடவையில் நின்ற ஜோவிதாவுக்குக் கண்ணீர் முட்டியது. புது ரிமோட் ஒன்று கைவசம் இருந்தது. அதற்கு டிவி அடங்கியது, யேசுதாசன் மசியவில்லை. பழைய ரிமோட்டின் எண் பட்டன்களிலிருந்து பொட்டுகளை வெட்டி அந்த இடத்தில் ஒட்டியும் பயனில்லை. அவரிடம் பலிக்கும் பொட்டு இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. ரத்தினபாய் பிளேடை அதன் மேல் வைத்தார்.

"அம்மா, அது மியூட்டும்மா. அப்புறம் ஆயுசுக்கும் நீ என்ன பண்ணுவ?"

"கேட்டுக்கிறேன்டி" என்றார் ரத்தினபாய்.

வெட்டி, ஒட்டி, ஊதி, அழுத்தினார். யேசுதாசன் மகளின் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். மகளுக்காக, மருமகனுக்காக, பிறகு சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, ஏறி இறங்கிய அத்தனை பேருக்காகவும் ஜெபம் நீண்டது. வாசலில் கார் ஹாரன் அடித்தது. பழக்கதோஷத்தில் ரத்தினபாயின் கட்டைவிரல் மியூட்டைத் தேடிப் போய் அழுத்தியது. அங்கே வெறும் ரப்பர்தான். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். சர்ச்சுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். இன்றுவரை அந்த வீட்டில் மியூட் கிடையாது.