தலைகீழ் விதை

கிரேனின் கொக்கி விலகிய பிறகுதான் கவனித்தாள். கல் தலைகீழாக நின்றது.

முளைவிடும் விதையின் வடிவம். இடுப்பளவு உயரக் கருங்கல். ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் வளைந்து கூம்பியது. பருத்த பக்கம்தான் கீழே இருக்க வேண்டும். மெருகேற்றும்போது கல் ஆடாமலிருக்கக் கூம்பிய முனையிலும் ஒரு துளை போட்டிருந்தாள். அதை அடைக்க மறந்துவிட்டாள். பொருத்துபவர் அந்தத் துளையிலேயே ஆளுயரப் பீடத்தின் கம்பியை இறக்கிவிட்டார்.

“பசை இருபது நிமிஷத்துல இறுகிடும்மா. அப்புறம் யானை வந்தாலும் அசைக்க முடியாது,” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

நூலக முற்றத்துக்காக அவள் செய்தது. பொது இடத்தில் நிற்கப்போகும் முதல் சிற்பம். சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. பேருந்து தன் நிறுத்தத்தைத் தாண்டினால்கூட வாய் திறக்காமல் அடுத்ததில் இறங்கி நடந்து வருகிறவள் அவள்.

கல்லைச் சுற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள்.

அக்கா வந்தாள். “என்னடி, உன் முந்திரிக்கொட்டை தலைகுப்புற நிக்குது?”

“மெதுவாப் பேசுக்கா.”

“சொன்னியா அவர்கிட்ட? கல்லுதான் முந்திரிக்கொட்டை, நீ எங்க!”

“இப்படியே நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கா, இல்ல வாய் வரலியா?”

அதுதான் அவளுக்கே தெரியவில்லை. பட்டறையில் வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்த கல், இப்போது மண்ணுக்குள் பாயத் துடித்தது. விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழே திரும்பும், பள்ளி ஆய்வகத்தில் பார்த்ததுதான். ஆனால் பயத்துக்குச் சாக்குத் தேட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் ஆறு நிமிடம்.

“அண்ணே,” என்றாள். குரல் பிசிறியது. “கல்லு தலைகீழா நிக்குது.”

“ஐயோ! முன்னாடியே சொல்லக் கூடாதா? ஏம்ப்பா, கிரேனை எடுக்காத, நில்லு!”

சொல்லியாகிவிட்டது. இனி பயப்பட ஒன்றுமில்லை. நிமிர்ந்து கல்லைப் பார்த்தாள். அது இன்னும் பாயத்தான் துடித்தது.

“வேண்டாண்ணே. இருக்கட்டும்.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான். அந்த ஓட்டையை அடைக்காதது என் தப்பு.”

“அப்ப மேல தெரியற ஓட்டை?”

கல்தூளையும் பசையையும் குழைத்து, ஏணியில் ஏறி அவளே அடைத்தாள்.

“இப்பத் திருப்தியா?” என்றாள் அக்கா.

“இரு, இன்னொரு சுத்து பாத்துட்டுச் சொல்றேன்.”