ஈசல் பொரி

மாதவராஜுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். பத்து வருஷமாக ஓசூரில் செல்போன் கடையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து சொகுசு கண்ட மூக்கு அது. மாதம் ஒரு முறை காரிமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஊருக்கு வந்தால், வாசலில் கோழி எச்சத்தைப் பார்த்ததுமே முகம் கோணிப்போகும். பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்தால்கூட நெற்றியில்தான் கொடுப்பான். அங்கேதான் சளி இருக்காது.

இந்த முறை அவன் வந்தது சின்னவன் இளம்பரிதியை அழைத்துப்போக. பையனுக்கு ஆறு வயது. ஓசூரில் நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்து, தன் அறையிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மனைவி பாரதிக்கு மாங்கூழ் கம்பெனியில் வேலை. சீசன் முடியும்வரை லீவு கிடையாது. காலையில் கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளு நீங்களே பாத்துக்கோங்க. சாயந்தரம் வந்து அவனையே கேக்கறேன். வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க."

ஒரு நாள்தானே, இதென்ன பிரமாதம் என்று நினைத்தான்.

முந்தின நாள் பிடித்த கோடை மழை விடுவதாக இல்லை. வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்த கயிற்றில் ஈரத் துணி புழுங்கி நாறியது. மாங்கொட்டைகளில் ஈ மொய்த்தது. நனைந்த நாய் ஒன்று உள்ளே வந்து உடம்பைச் சிலிர்த்து அவன் வெள்ளைச் சட்டையில் சேற்றைத் தெளித்துவிட்டுப் போனது. கர்மம், கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக் குள்ளம்மாள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"நேத்து மழைக்கு ஈசல் பொலபொலன்னு வந்துச்சுங்க. வறுத்து ரெக்கையப் பொடைச்சிட்டு, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்திருக்கேன். புள்ளைங்களுக்குக் குடுங்க."

கிண்ணத்தில் பொரிக்கு நடுவே குட்டிக் குட்டிக் கால்கள் தெரிந்தன. அவள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இதே ஈசலை டவுசர் பை நிறையப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்தான் அவனும். அதெல்லாம் இப்போது அவனுக்கு ஞாபகம் வருமா?

கிண்ணத்தை இளம்பரிதியிடம் நீட்டினான். "ச்சீ, பூச்சியையா திங்கறது? கொண்டுபோயி வெளிய கொட்டுடா."

ஈசலை ஒரு பிடிக்கு மேல் தின்றால் வயிற்றால் போகும். பாரதி எப்போதும் அளந்துதான் கொடுப்பாள். கொட்டச் சொன்னால் எந்தப் பிள்ளை கொட்டும்? இளம்பரிதி கட்டிலுக்கு அடியில் புகுந்து மொத்தக் கிண்ணத்தையும் வழித்துத் தின்றுவிட்டான்.

மதியம் ஆனதும் வயிறு பிய்த்துக்கொண்டது. கழிப்பறைக்கு ஓடியவன் பாதி வழியிலேயே, வாசற்படியில், டவுசரோடு போய்விட்டான். மாதவராஜ் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அருகே போனான். அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. திரும்பி மழையில் தலையை நீட்டி வாந்தி எடுத்தான்.

மூத்தவள் காவியாவுக்கு ஒன்பது வயது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். தம்பியைக் குனிய வைத்துக் கழுவினாள். படியையும் கழுவிவிட்டாள்.

"நீங்க உள்ள போங்கப்பா. எனக்குப் பழக்கந்தான்."

வெட்கப்பட்டானா என்றால் இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. நேராகப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், எதையுமே தொடாத கையை.

பிறகு காவியா அசந்து தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பையனைக் காணோம். மாதவராஜ் தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். கூரைத் தகரத்திலிருந்து கொட்டும் மழைத் தண்ணீரில் இளம்பரிதி தனியாகக் குந்தியிருந்தான். மறுபடியும் போய்விட்டு, தானே கழுவிக்கொள்ளப் பார்த்து, தொடையெல்லாம், கையெல்லாம் பூசிக்கொண்டிருந்தான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அப்பனைக் கண்டதும் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"வராதீங்கப்பா! நாறும். உங்களுக்கு வாந்தி வரும்."

அன்றைக்கு முழுக்க எத்தனையோ பார்த்து அருவருத்த மாதவராஜுக்கு அந்தக் கணத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பெற்ற பிள்ளை தன் அசிங்கத்தை அப்பனிடமிருந்து ஒளிக்கிறது. இதைவிட அசிங்கம் வேறு என்ன இருக்கிறது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு கழுவினான். குமட்டல் நிற்கவில்லை, இரண்டு முறை ஓங்கரித்தான். ஒவ்வொரு முறையும் பையன் பதறினான்.

"போதும்ப்பா, போதும்ப்பா."

பாரதி வரும்போது ஐந்து மணி. விஷயத்தைக் கேட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்து, மகனை மடியில் போட்டுக்கொண்டாள். மாதவராஜ் சுவரோரமாக நின்றான்.

"என்னடா, அப்பாகூட ஓசூரு போறியா?"

இளம்பரிதி அப்பனை ஏற இறங்கப் பார்த்தான். அம்மாவின் காதருகே வாயை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னான்.

"வேணாம்மா. அப்பா பாவம். அங்க கழுவிவிட அக்காகூட இல்ல."