அன்வர் பாஷா காட்டிய வழி

தியாகராய நகர் சந்து ஒன்றில் ரவிக்கை தைக்கும் அன்வர் பாஷாவிடம் அளவு கொடுக்க வருபவர்களைவிட வழி கேட்டு வருபவர்கள் அதிகம். தெருவில் யாருக்குக் கண் மஞ்சளித்தாலும் அவர்தான் பச்சிலை வைத்தியரிடம் அழைத்துப் போவார். இருபது வயதில் அவருக்கே வந்த காமாலை கீழாநெல்லி தின்ற பிறகுதான் இறங்கியது. அன்றிலிருந்து, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்பது அவருக்கு வேதவாக்கு.

ஆகவே மனைவி ஜமீலுன்னிசாவின் கண் மஞ்சளித்தபோது அவர் கலங்கவே இல்லை.

"ஒண்ணும் இல்ல ஜமீலா. உப்பு, எண்ணெய் தள்ளிடு. பச்சிலை உள்ள போனா ஓடிப்பூடும்."

ஓடவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. ஹூக் தைத்துக்கொண்டிருப்பவள் ஊசியை வைத்துவிட்டுக் கையைப் பிறாண்டுவாள். வலது விலாவுக்குக் கீழே வலி. சோறு இறங்கவில்லை.

"ஒரு தபா ஆஸ்பத்திரில காட்டிடலாங்க. எனக்கு இன்னாவோ பயமா கீது."

"அங்க போனா கண்ட ஊசியப் போட்டு மருந்த முறிச்சிடுவாங்க. சும்மா கெட."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நம்மவருக்கோ கண்ட மஞ்சளெல்லாம் தனக்கு வந்த அதே காமாலை. பாவம், கெட்ட மனிதரில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். பச்சிலையைத் தானே அரைத்து, மோரில் கலக்கி, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார். ஸ்கேன் பார்த்தவர்கள் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

"பித்தப்பையில புற்றுநோய். கட்டி பித்தக் குழாயை அடைச்சதாலதான் இந்த மஞ்சள்" என்றார் டாக்டர் ஸ்ரீரஞ்சனி.

"வெட்டி எடுத்துடுங்கம்மா."

"ரொம்ப ஆரம்பத்துல தெரிஞ்சா பித்தப்பையை எடுத்தாலே போதும். கொஞ்சம் பரவியிருந்தா, ஒட்டியிருக்கிற கல்லீரல்ல ஒரு பகுதியையும் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்போம். இவங்களுக்குக் கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாயையே சுத்திப் பிடிச்சிருக்கு. இனிமே வெட்ட முடியாது. அடைப்புல சின்னக் குழாய் வச்சா அரிப்பு அடங்கும். அப்புறம் கீமோ."

"மொதல்லயே இட்டாந்திருந்தா?"

"பொழைச்சிருப்பாங்கன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பண்ண முடிஞ்சிருக்கலாம்."

முடிந்திருக்காது என்றால் விதி என்று அழுதிருப்பார். அந்த 'இருக்கலாம்' அவரைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை.

குழாய் வைத்து வீட்டுக்கு வந்தார்கள். அரிப்பு நின்றது, கண் வெளுத்தது. பச்சிலை வேலை செய்துவிட்டது என்று தெருவே பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பூக்கடை நல்லசிவம் வந்தார்.

"பாய், எங்கண்ணன் கண்ணு மஞ்சளா கீது. ஒங்க வூட்டம்மாவுக்குத் தெளிஞ்சிட்ச்சாமே, அந்த வைத்தியராண்ட இட்டுனு போறியா?"

அன்வர் பாஷா உடைந்துபோனார்.

"தெளியல நைனா. அவளுக்குக் கேன்சர். அறுத்து எடுக்கக்கூட வழியில்லாம போற வரைக்கும் நாந்தான் வீட்லயே வச்சிருந்தேன். காமாலை தனி நோயில்ல, உள்ள எதுவோ கெட்டுக் கீதுன்னு ஒடம்பு காட்ற அடையாளம். எனக்கு வந்தது வேற, அவளுக்கு வந்தது வேற. கண்ணப் பாத்து ரெண்டும் ஒண்ணுன்னு நானே முடிவு கட்டிட்டேன். நீ மொதல்ல ரத்தம் பாரு, ஸ்கேன் எடு. இன்னா நோய்னு தெரியாம எந்த மருந்தும் குடுக்காத."

உள்ளேயிருந்து ஜமீலுன்னிசாவின் குரல் வந்தது.

"வாசல்லயே பேசிக்கினு நிக்காதீங்க. சட்டைய மாட்டிக்கினு அவரு அண்ணன ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க. எனக்குத்தான் நேரம் போய்ட்ச்சு, அவருக்கு இன்னும் போவல."