கரடி அடித்தது முகத்தில்

சசிரேகாவைக் கரடி அடித்தது முகத்தில். தேயிலைக் கொழுந்து பறிக்கையில் புதருக்குள்ளிருந்து எழுந்து, ஒரே அறையில் கன்னத்தைப் பிய்த்துவிட்டது. கோயம்புத்தூரில் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டித் தைத்தார்கள். ஊருக்கு, பந்தலூருக்கு, அனுப்பும்போது முழங்கால் வரை ஏறும் இறுக்கமான வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடியும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம், வீட்டுக்குள் அடிக்கடி நடக்க வேண்டுமாம்.

புருஷன் முத்துராஜின் மண்டையில் இது ஏறவில்லை. காயம் முகத்தில், சாக்ஸ் காலுக்கா? மலைக்காரர்கள் என்று அட்டைக்கடிக்காகக் கொடுத்திருப்பார்கள். கட்டிலில் கிடப்பவளை எந்த அட்டை கடிக்கப்போகிறது? மழை பிடித்ததும் அதைத் தானே மாட்டிக்கொண்டு களை வெட்டப் போனான். அவளை நடக்கவும் விடவில்லை. கக்கூசுக்குக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போனான். எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் அவனைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள்.

இடது கெண்டைக்கால் கடுக்கிறது என்று அவள் சொல்ல, தைலம் வாங்க எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனான். பூட்ஸைக் கழற்றியதும் நர்ஸ் கெஸியா அவன் காலையே பார்த்தாள்.

"இது யாரு சாக்ஸுங்கண்ணா?"

"அவளுதுதானுங்க சிஸ்டர். சும்மா கெடக்குதேன்னு போட்டேன். ஆனா வெரல் பக்கம் ஓட்டை. அட்டை உள்ள பூந்துருது."

கெஸியா சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தாள். ஆபரேஷன் ஆனவர்கள் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். அந்தக் கட்டி பிய்ந்து நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்தாம். அதைத் தடுக்கத்தான் சாக்ஸும் நடையுமாம். கரடி, கன்னம், கால், நெஞ்சு. முத்துராஜுக்கு ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

சசிரேகாவின் இடது கால் வலதைவிடப் பருத்துச் சுட்டது.

"தேச்சு விட்டீங்களா?"

"நேத்து லேசா..."

"இனி கை வெக்காதீங்க."

கெஸியா போனில் எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிட்டாள். அவன் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஜீப் வந்தது.

"நடத்திக் கூட்டிட்டு வரட்டுங்களா, தூக்கட்டுங்களா?"

"இப்பத் தூக்குங்க."

"நடக்கறேன் நடக்கறேன்னு நான் சொன்னப்பெல்லாம் தூக்குனீங்க," என்றாள் சசிரேகா, முகக்கட்டுக்குள்ளிருந்து.

ஆஸ்பத்திரியில் காலை ஸ்கேன் பார்த்தார்கள். கட்டி இருக்கிறது, இன்னும் நெஞ்சுக்கு ஏறவில்லை என்றார் டாக்டர். வயிற்றில் ஊசி போட்டார்கள். காலில் கட்டி, வயிற்றில் ஊசி. முத்துராஜ் பைப்படிக்குப் போய் சாக்ஸைத் துவைத்துப் பிழிந்து கொண்டுவந்தான். இப்போது அதை மாட்டலாமா, கூடாதா? கேட்க வெட்கமாக இருந்தது. கட்டிலுக்கு ஓரடி தள்ளி, அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.