சில்லறைச் சாமான்

வெயிலாகத்தான் இருக்கும், வெயில்தான், நாமக்கல்லில் சித்திரை வெயிலுக்குக் கோழி சாகாத பண்ணை எங்கே இருக்கிறது, போன வருசமும் செத்தது, யாராவது பதறினார்களா… இந்த ஆய்வகத்துக்காரர் வெயில் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், அவர் காலில்கூட விழுந்துவிடுவேன். செத்த கோழிகளை அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் இன்னும் கதவைத் திறக்கவில்லை. வெயிலைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா? நோய் என்று சொல்லிவிட்டால் இருக்கிற கோழி அத்தனையையும் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், அப்புறம் பண்ணை ஏது, முதலாளி நாச்சிமுத்து ஏது, அவருக்குச் சாமான் வாங்கிப் போடும் சபரிநாதன் என்கிற நான் ஏது. என் வேலையே சில்லறைச் சாமான்தான். தீவனமும் தடுப்பூசியும் முதலாளியே பேசி வாங்குவார், விளக்குமாறு, பல்பு, சாக்கு ஊசி, பினாயில், வாசல் குழிக்கு ஊற்றுகிற கிருமி மருந்து, இதெல்லாம் என் தலையில். தினம் ஒன்று தீரும், தினம் ஒருவர் வந்து நிற்பார், ஒரு பல்புக்காக ஒரு ஆள் டவுனுக்கு வண்டியில் போவான், பல்பைவிடப் பெட்ரோல் அதிகம். நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து மாசக் கடைசியில் ஒரே லோடாக வாங்கலாம் என்றேன். முதலாளி எல்லார் முன்னாலும் மெச்சினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த மாசம் பாதிகூட ஆகவில்லை, அங்காளம்மாள் வந்து நின்றாள், பண்ணை கேட்டில் வண்டிச் சக்கரமும் ஆள் காலும் நனைந்து உள்ளே வருகிற குழியைப் பார்த்துக்கொள்கிறவள். "மருந்து தீந்துபோச்சு சாமி, வெறுந்தண்ணிதான் ஊத்தறேன்" என்றாள். மாசக் கடைசிக்கு வந்துவிடும் என்றேன். மறுபடியும் வந்தாள், மறுபடியும் அதையே சொன்னேன், ஒரு கேன் மருந்துக்கு என்ன இந்த அவசரம் என்று எரிச்சல் வேறு. அப்புறம் அவள் வரவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது… இன்று காலை முதலாளி அவளைப் பார்த்துத்தான் கத்தினார், குழியில் மருந்து ஊற்றாமல் என்ன பண்ணித் தொலைத்தாய் என்று. அவள் என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? நான்தானுங்க நிறுத்திவைத்தேன் என்று சொன்னால் நாக்கு அறுந்தா விழும்? வெயில் என்று வரட்டும், முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன்… நோய் என்று வந்தால்? அப்போது சொல்வேனா?

போன் அடிக்கிறது, முதலாளி. இன்னும் உள்ளேதான் பார்க்கிறார்கள் என்றேன். "நோய்னா வெளியிலருந்துதான வரோணும் சபரி, வேற பண்ணை வண்டி எதும் உள்ள வரலீல்ல?" "இல்லீங்க" என்றேன். உண்மைதான், வேறு பண்ணை வண்டி வரவில்லை. நம் வண்டிதான் போனது… போன வாரம், மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் பழைய முட்டை ட்ரே மலிவாகக் கிடைக்கிறது என்று நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஷெட் எல்லாம் காலி, கூண்டுக் கம்பியில் இறகு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனுசர் நான் கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் ஏற்றிவிட்டார், என் சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே வந்தேன். அங்காளம்மாள் குழி ஓரம் நின்று வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள், நிறுத்தவில்லை, வெறுந்தண்ணியில் இறங்கி ஏறி நேராக ஷெட்டுக்கே ஓட்டிப்போய் நானே இறக்கிவைத்தேன், இதே செருப்போடு. உங்கள் கோழியெல்லாம் எங்கே என்று அந்த மனுசரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? விலைதானே கேட்டேன். கதவு திறக்கிறது, வெள்ளைக் கோட்டுக்காரர் உள்ளே கூப்பிடுகிறார், முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினேன். பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாங்க என்கிறார். கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன், இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.