மேட்டுப் பக்கம் நின்று

சமதரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கென்றே சில தப்புகள் உண்டு. ஜெனிலா செய்தது அந்த வகை. மணக்குடிக் கடற்கரையில் ஏசுஅடிமைக்கும் வியாகுலம்மாளுக்கும் ஒரே மகள். வனவியல் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில், 2012இல், கீரிப்பாறைக்கு மேலே மலைக்காட்டில் ஆறு வாரக் களப்பயிற்சிக்கு வந்திருந்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் வியாகுலம்மாள் ‘அக்ரி’ என்று சொல்லி நழுவிவிடுவாள். மரத்தைப் பற்றிப் படிக்க ஒருத்தியை மேட்டுப்பாளையம் வரை அனுப்பியிருக்கிறோம் என்று மீன் சந்தையில் எப்படிச் சொல்வது?

வேலை இதுதான். இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் கோலை வைத்து, நெஞ்சளவு உயரத்தில் அடையாளமிட்டு, அங்கே சுற்றளவு எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் காட்டில் எவ்வளவு மரம் இருக்கிறதென்று கணக்கு.

வியாழக்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தபோது கைப்புத்தகத்தில் அந்த வரி கண்ணில் பட்டது. சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அவளோ கால் ஊன்ற வசதியாக எல்லா மரத்தையும் பள்ளத்துப் பக்கம் நின்று அளந்திருந்தாள். அடையாளம் கீழே இறங்கி, அத்தனை மரமும் இருப்பதைவிடத் தடித்துவிட்டது. பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்தான். படித்தது தலையோடு நின்றுவிட்டது, கால்வரை இறங்கவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியர் முத்துநாயகம் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேவாலயத்தில் பத்தாம் திருவிழா, தேர் ஓடும் கடைசி நாள். கொச்சியில் தங்கல் தொழிலில், நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் அப்பா அதற்காகத்தான் வந்திருந்தார். திங்கள் விடியற்காலையில் போய்விடுவார். பிறகு அவரைப் பார்ப்பது கிறிஸ்துமஸுக்குத்தான்.

“எழுதுனத அப்பிடியே குடு மக்கா,” என்றார் வனக்காவலர் தாணுலிங்கம். “சார் என்ன, ஒவ்வொரு மரமாக் குனிஞ்சா பாக்கப் போறாரு?” வெள்ளிக்கிழமை மாலை அவர் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

ஜெனிலா செக்போஸ்ட் வளைவுக்கு நடந்து போய், டவர் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு வாறியா மக்கா?”

“முடியாதுப்பா. அளவு தப்பாப் போச்சு. எல்லாத்தையும் திரும்ப அளக்கணும்.”

“தப்புன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்லா.”

அந்தப் பக்கம் திருவிழா பேண்டு வாத்தியம் ஒலித்துக்கொண்டிருந்தது. “அப்போ அளந்து முடி,” என்றார் அப்பா.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வளைவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சனியும் ஞாயிறும் அவளும் மரங்களும்தான். டேப்பின் நுனியைப் பட்டையில் சின்ன ஆணியால் குத்திவிட்டு மரத்தைச் சுற்றி வந்தாள். வழக்கமாக அவள் அளவைச் சொல்ல, தாணுலிங்கம் எழுதுவார். இப்போது அவளே சொன்னாள், அவளே எழுதினாள். சொல்லாமல் எழுதினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னாள். இரண்டு நாளில் அவள் காதில் விழுந்த ஒரே மனிதக் குரல் அதுதான். ஞாயிறு சாயங்காலம், ஊரில் தேர் கிளம்பும் நேரத்தில், கடைசி மரத்தில் இருந்தாள்.

திங்கட்கிழமை வந்த பேராசிரியர் அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“ஊர்ல திருவிழான்னியே, போயிட்டு வந்தியா?”

“இல்ல சார். இங்க வேலை இருந்துது.”

“போயிருக்கலாமேம்மா. ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது?” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று மாலை வளைவில் காத்திருந்தாள். கொச்சித் துறைமுகத்தில் போட் ஏறுமுன் அப்பா கூப்பிட்டார்.

“சார் பாத்தாரா?”

“பாத்தாருப்பா. ஒவ்வொரு மரமாப் பாத்தாரு. ஒண்ணுகூடத் தப்பில்லன்னாரு.”

பக்கத்தில் நின்ற யாரிடமோ அப்பா பேசுவது கேட்டது.

“எம் மவ அளந்ததுல ஒண்ணுகூடத் தப்பில்லையாம் வே. அதுக்காக்கும் அவ திருவிழாவுக்கு வராம இருந்தா.”